முல்லர்: மாவரைச்சவங்க பேரு முதலிடத்துக்கு வந்த கதை

"சராசரி ஜெர்மன் பெண்மணி" என்று சொல்ல வேண்டிய இடத்தில் இங்கே லீஸ்ஷென் முல்லர் என்பார்கள். நம்ம ஊர் குப்பன், சுப்பன் மாதிரிதான். 1961ல் ஹெல்முட் கொய்ட்னர் அந்தப் பேரைத் தலைப்பில் வைத்து ஒரு படமே எடுத்தார். ஏன் முல்லர்? நாட்டிலேயே அதிகம் பேர் வச்சிருக்கிற குடும்பப் பெயர் அதுதான். தொலைபேசி இணைப்புகளை வைத்துப் போட்ட கணக்கில் சுமார் 0.95 சதவீதம், அதாவது நூறு பேரைக் கூப்பிட்டால் ஒருத்தர் முல்லர். மொத்தம் ஏழு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். ஸ்விட்சர்லாந்திலும் முதலிடம் இவங்களுக்குத்தான். ஆஸ்திரியாவில் மட்டும் க்ரூபர் முந்திக்கிட்டார்.

முதலில் உச்சரிப்பு. தமிழில் நாம் முல்லர் என்று எழுதினாலும் முதல் எழுத்து "மு"வும் இல்லை, "மி"யும் இல்லை. "ஈ" சொல்ற மாதிரி நாக்கை வச்சுக்கிட்டு, உதட்டை மட்டும் "ஊ" சொல்ற மாதிரி குவிச்சால் வர்ற சத்தம். மேலே ரெண்டு புள்ளி வைத்து எழுதுவார்கள், அதுக்கு உம்லவுட் என்று பேர். கண்ணாடி முன்னாடி நின்று பழகினால் வந்துவிடும், பக்கத்தில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் :-) இந்தப் பதிவு முழுக்க முல்லர் என்றே எழுதுகிறேன். மாக்ஸ் முல்லரை நாம் அப்படித்தானே எழுதிப் பழகியிருக்கிறோம். (அவரும் வருவார், பொறுங்கள்.)

அர்த்தம் ரொம்ப எளிது. மாவு மில் வைத்திருப்பவர். ஆனால் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் சுவாரசியம். ஜெர்மானியக் குடிகளிடம் முதலில் இருந்தது கையால் சுத்துற திரிகை. அதுக்குச் சொந்தமா ஒரு சொல்லும் வச்சிருந்தாங்க, பழைய ஜெர்மனில் "குவிர்ன்". ஆற்றுத் தண்ணீரில் சக்கரம் ஓட்டி மாவரைக்கிற வித்தையைக் கொண்டு வந்தவங்க ரோமானியர்கள். பொருளோடு சொல்லும் வந்துவிட்டது. லத்தீனில் "மோலா" என்றால் அரைக்கும் கல். அதிலிருந்து ஆலைக்கு "மோலினா", ஆலைக்காரருக்கு "மோலினாரியுஸ்". அது ஜெர்மன் வாயில் தேய்ந்து முல்னெர் ஆகி, நடுவில் இருந்த "ன்" பக்கத்து "ல்"லோடு கரைந்து முல்லர் ஆனது. பவேரியா, ஆஸ்திரியா பக்கம் இன்னைக்கும் முல்னெர் என்ற பேர் உண்டு, அங்கே "ன்" கரையாமல் நின்றுவிட்டது. ஆக, ஜெர்மன் பெயர் என்றதும் முதலில் ஞாபகம் வர்ற பெயரே லத்தீனில் இருந்து கடன் வாங்கின சொல். பெயரை வைத்து யார் "அசல்" என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இத்தனை முல்லர்கள் எப்படி? இதற்குக் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்க்கணும். 12ஆம் நூற்றாண்டு வாக்கில் ரைன் நதிக்கரை ஊர்களிலும் தெற்கத்தி நகரங்களிலும் ஆரம்பித்த பழக்கம் இது. அதுவரைக்கும் ஆளுக்கு ஒரே பேர்தான். ஊரில் நாலு ஹைன்ரிஷ், ஆறு யோஹான்னஸ் என்று ஆனதும் வரி எழுதுகிற கணக்குப்பிள்ளைக்குத் தலைவலி. "எந்த ஹைன்ரிஷ்? ஆலைக்கார ஹைன்ரிஷா, கொல்லன் ஹைன்ரிஷா?" இப்படி ஒட்டிக்கொண்டதுதான் பெரும்பாலான பெயர்கள். யாரும் உட்கார்ந்து யோசித்துத் தனக்குத்தானே வைத்துக்கொண்டது இல்லை, பக்கத்து வீட்டுக்காரனும் எழுத்தரும் வைத்தது. வடக்கே பழக்கம் மெதுவாகத்தான் போனது. ஃப்ரீஸ்லாந்துப் பக்கம் அப்பா பேரையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவர்களை 1811ல் நெப்போலியன் ஆட்சிதான் நிலையான குடும்பப் பெயருக்கு மாறச் சொன்னது.

இப்போ ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் பத்தில் எட்டொன்பது பேர் விவசாயிதானே? அப்போ விவசாயி என்று அர்த்தம் வரும் பவுவர்தானே முதலிடத்தில் இருக்கணும்? இல்லை. ஊரே விவசாயம் பண்ணும்போது "விவசாயி ஹைன்ரிஷ்" என்றால் யாரையும் அடையாளம் காட்ட முடியாது. ஊருக்கு ஒருத்தர் மட்டும் செய்கிற வேலைதான் பெயராக நிற்கும். ஊருக்கு ஒரு ஆலை, ஒரு கொல்லன் பட்டறை. எல்லா ஊரிலும் இருக்கணும், ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கணும். முல்லரும் ஷ்மிட்டும் (கொல்லர்) இந்த ரெண்டு நிபந்தனைக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறார்கள். ஜெர்மனியின் முதல் 14 பெயர்களை எடுத்தால் எல்லாமே தொழில் அல்லது பதவி. ஷ்னைடர் தையல்காரர், ஃபிஷர் மீன்பிடிப்பவர், வேபர் நெசவாளி, வாக்னர் வண்டி செய்கிறவர், பெக்கர் ரொட்டி சுடுகிறவர் என்று போகும். பவுவரும் இந்தப் பட்டியலில் உண்டு, ஆனால் ரொம்பக் கீழே.

ஊருக்கு ஒரே ஆலை என்பது தானாக அமைந்ததும் இல்லை. நிலப்பிரபு வைத்த சட்டம். "என் ஆளுகைக்கு உட்பட்டவன் என் ஆலையில்தான் அரைக்கணும்" என்று ஒரு கட்டாயம் இருந்தது. பக்கத்து ஊர் ஆலையில் நல்லா அரைக்கிறாங்கன்னு மூட்டையைத் தூக்கிட்டுப் போக முடியாது, போனால் தண்டம். ஆலைக்காரர் கூலியைக் காசாக வாங்காமல் கொண்டு வந்த தானியத்திலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். யார் அளக்கிறது? அவரே! எவ்வளவு எடுத்தார் என்று யாருக்குத் தெரியும்? மூடின கட்டடம், உள்ளே ஒரே மாவுப் புழுதி. பிரஷ்யாவில் இந்தக் கட்டாயம் 1810ல்தான் ஒழிந்தது.

விளைவு, ஆலைக்காரன் என்றாலே திருடன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆலைக் கூரை மேல் நாரை ஏன் கூடு கட்டுறதில்லை? ஆலைக்காரன் முட்டையைத் திருடிடுவான்னு பயமாம். இது இங்கே ரொம்பப் பழைய கிண்டல். போதாததற்கு ஆலை ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் தனியாக நிற்கும். ராத்திரியிலும் சக்கரம் சுத்தும். பேய், பிசாசு, மந்திரம் எல்லாம் அங்கேதான் குடியிருக்கு என்று நம்பினார்கள். ஓட்ஃப்ரீட் ப்ராய்ஸ்லர் 1971ல் எழுதின "க்ராபாட்" நாவலில் ஆலை முதலாளிதான் கருப்பு மந்திரவாதி. இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்னும் படிக்கிற புத்தகம் அது.

கிண்டலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பல பகுதிகளில் ஆலைக்காரர்கள் "கௌரவம் இல்லாத" தொழில் செய்வோர் என்ற வகையில் வைக்கப்பட்டிருந்தார்கள். தூக்குப் போடுகிறவன், செத்த மாட்டைத் தோல் உரிக்கிறவன், குளிப்பாட்டு வீடு நடத்துகிறவன், ஆட்டிடையன், லினன் நெசவாளி எல்லாம் இந்த வகை. (எந்தத் தொழில் என்பது ஊருக்கு ஊர் மாறும்.) இந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்குத் தொழிற்சங்கங்களில் இடம் கிடையாது. தச்சு வேலையோ தங்க வேலையோ கத்துக்கணும்னா "நல்ல பிறப்பு" என்று சான்றிதழ் காட்டணும். சில ஊர்களில் தூக்குமரத்துக்கு ஏணி கொடுக்க வேண்டிய கடமை ஆலைக்காரருடையது. யோசித்துப் பாருங்கள், ஊருக்கே சோறு போடுகிற ஆலை, அதை நடத்துகிறவன் பையன் செருப்புத் தைக்கக்கூடப் பழக முடியாது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறப்பை வைத்துத் தொழிலை மறிக்கிறதெல்லாம் நம்ம பக்கத்துச் சமாச்சாரம் மட்டும்தான் என்று இங்கே நினைப்பவர்கள் நிறைய உண்டு, அவங்க ஊர் வரலாறு அவங்களுக்கே தெரியாது.

சட்டம் இதை மாற்றப் பார்த்தது. 1548லும் 1577லும் பேரரசின் காவல் சட்டங்கள் ஆலைக்காரர், லினன் நெசவாளி, இடையர் பிள்ளைகளைச் சங்கங்களில் சேர்த்துக்கொள்ளணும் என்று சொன்னன. சங்கங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1731ல் கைத்தொழில் சட்டம் போட்டு மறுபடியும் அதையே சொல்ல வேண்டி வந்தது. அப்பவும் தோல் உரிக்கிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு, அவங்க வெளியேதான். ஒரே விஷயத்தைக் கிட்டத்தட்ட ரெண்டு நூற்றாண்டாகத் திரும்பத் திரும்பச் சட்டமாகப் போடுறாங்கன்னா, யாரும் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்.

அப்படி ஒதுக்கி வைத்த தொழிலின் பெயர் எப்படி வெட்கமில்லாமல் நிலைத்தது? என் கணிப்பு, பெயர் தொழிலை விட்டுச் சீக்கிரமே பிரிந்துவிட்டது. மூத்தவன் ஆலையை எடுத்துக்கொள்வான், மற்ற பிள்ளைகள் வேறு ஊருக்குப் போவார்கள். பேர் முல்லர், வேலை வேறு. ரெண்டு மூணு தலைமுறையில் முல்லர் என்பது வெறும் சத்தம். இழிவு ஆலையோடு தங்கிவிட்டது, பேரோடு ஊர் ஊராகப் போகவில்லை. இதற்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. ஜெர்மன் வரலாற்றிலேயே ரொம்பப் பேசப்பட்ட ஆலைக்காரர் வழக்கு, போமர்ஸிக் என்ற ஊரில் நடந்தது. மேல்கரையில் இருந்த பிரபு மீன் குளம் வெட்டித் தண்ணீரை இழுத்துக்கொண்டார், ஆலை ஓடவில்லை, குத்தகை கட்ட முடியவில்லை, ஆலை ஏலம் போனது. ஏழைக்கு அநியாயம் என்று கோபப்பட்ட பிரஷ்ய மன்னர் மகா ஃப்ரெட்ரிக், 1779ல் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளையே சிறையில் போட்டார். அரசர் நீதிமன்றத்தில் தலையிடலாமா என்று இன்னைக்கும் சட்டக் கல்லூரியில் இதைப் பேசுகிறார்கள். (ஃப்ரெட்ரிக் இறந்த பிறகு நீதிபதிகள் பக்கம்தான் நியாயம் என்று முடிவானது.) இந்த ஆலைக்காரரின் பெயர் அர்னால்ட். ஆலைக்காரர் அர்னால்ட், முல்லர் இல்லை!

எழுத்து விளையாட்டுக்கு வருவோம். வடக்கே மோலர், தெற்கே ஷ்வாபியப் பக்கம் மில்லர். படிச்ச பெரிய மனுஷங்க 16ஆம் நூற்றாண்டில் லத்தீனில் மொலிட்டோர் என்று மாற்றிக்கொண்டார்கள், கேட்க கம்பீரமா இருக்கணுமே. எல்லைக்கு அந்தப்பக்கம் போனால் ஃபிரெஞ்சில் மோனியே, இத்தாலியில் மொலினாரி, ஹங்கேரியில் மோல்நார், உக்ரைனில் மெல்னிக். எல்லாரும் அதே மாவுதான். ஷ்வாபியரான ஷில்லர் 1784ல் மேடையேற்றின பிரபல நாடகத்துக்கு முதலில் வைத்த பெயர் "லூயிஸெ மில்லெரின்". கதாநாயகியின் அப்பா ஒரு இசைக்கலைஞர், பேர் மில்லர். அவர் பொண்ணு மில்லெரின். அந்தக் காலத்தில் பெண்களின் குடும்பப் பெயருக்குப் பின்னால் "இன்" சேர்ப்பது வழக்கம், பிறகு வழக்கொழிந்தது. 1876ல் நாடு முழுக்கப் பதிவு அலுவலகங்கள் வந்த பிறகு, அன்னைக்கு எழுத்தர் எப்படி எழுதினாரோ அதுவே நிரந்தரம். பாஸ்போர்ட்டில் கீழே மெஷின் படிக்கிற ரெண்டு வரி இருக்குமே, அதில் உம்லவுட் கிடையாது, புள்ளிக்குப் பதில் ஒரு "இ" எழுத்தைச் சேர்த்துப் போடுவார்கள். ஒரே பாஸ்போர்ட்டில் ஒரே ஆளுக்கு ரெண்டு எழுத்துக்கூட்டல். வேறு நாட்டு ஏர்போர்ட்களில் இதனால் வரும் குழப்பம் இங்கே தனி இலக்கியம்.

ஷ்மிட் கட்சிக்காரர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். அவங்க பெயர் ஷ்மிட்டிலேயே மூணு நாலு எழுத்துக்கூட்டலும், கொலோன் பக்கத்து ஷ்மிட்ஸும் எனப் பிரிந்து கிடக்கு, எல்லாத்தையும் கூட்டினால் முல்லரை முந்திவிடும் என்று. கணக்கு உண்மைதான். ஓட்டு பிரிந்ததால் தோற்ற கட்சி. நமக்குப் புரியாததா :-)

அமெரிக்காவுக்குக் கப்பலேறின முல்லர்களில் பெரும்பாலோர் மில்லர் ஆனார்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே மில்லர் ஏழாவது இடம். அதில் ஆங்கிலேய மில்லர் எத்தனை, ஜெர்மன் முல்லர் எத்தனை என்று இனி பிரிக்க வழியில்லை.

புகழ்பெற்ற முல்லர்களைப் பற்றி எழுதினால் பதிவு முடியாது. டி.டி.டி. பூச்சிக்கொல்லிக்காக 1948ல் நோபல் வாங்கின பவுல் முல்லர், 1987ல் இயற்பியல் நோபல் வாங்கின அலெக்ஸ் முல்லர், ரெண்டு பேரும் ஸ்விஸ். 2009ல் இலக்கிய நோபல் வாங்கின ஹெர்டா முல்லர் ருமேனியாவில் ஜெர்மன் பேசும் கிராமத்தில் பிறந்தவர். கால்பந்தைச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவார்கள். 1974 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றி கோல் போட்டவர் கெர்ட் முல்லர் (2021ல் காலமானார்). அவர் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் புதுசா இறங்கி மூணு கோல் போட்டவர் டீட்டர் முல்லர். 2010ல் தங்கக் காலணி வாங்கினவர் தாமஸ் முல்லர், கெர்ட் போட்ட அதே 13ஆம் நம்பர் சட்டை. மூணு பேருக்கும் சொந்தபந்தம் எதுவும் இல்லை. அதிலும் டீட்டர் பிறக்கும்போது முல்லரே இல்லை, வளர்ப்பு அப்பாவின் பெயரை எடுத்துக்கொண்டவர்.

எனக்குப் பிடித்த முல்லர்கள் வேற, ஒரு அப்பாவும் மகனும். அப்பா வில்ஹெல்ம் முல்லர், 1794ல் டெசாவில் ஒரு தையல்காரருக்குப் பிறந்தவர் (முல்லர் என்ற பேரில் ஷ்னைடர்!). 1816ல் பெர்லினில் ஒரு வீட்டில் இளவட்டங்கள் கூடி, ஆலைக்காரப் பொண்ணு ஒருத்தியின் காதல் கதையைப் பாட்டாகச் சொல்லி விளையாடினார்கள். ஆலைப் பையன் பாத்திரம் யாருக்கு? பேரே முல்லர் ஆச்சே, அவருக்குத்தான். அந்த விளையாட்டு வளர்ந்து கவிதைத் தொடரானது, 1823ல் ஷூபர்ட் அதற்கு இசையமைத்தார். "அழகான ஆலைக்காரப் பெண்" இன்னைக்கும் உலக மேடைகளில் பாடப்படுகிறது. கிரேக்க விடுதலைக்கு ஆதரவாக எழுதினதால் மக்கள் அவரைக் கிரேக்க முல்லர் என்றார்கள். இத்தனை முல்லருக்கு நடுவே அடைமொழி இல்லாமல் அடையாளம் சொல்ல முடியாது. 33 வயது ஆகுமுன்னே 1827ல் போய்ச் சேர்ந்தார்.

மகன் ஃப்ரெட்ரிக், 1823ல் பிறந்தவர். வேபரின் ஒரு ஓபராவில் வரும் மாக்ஸ் என்ற நாயகன் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். சமஸ்கிருதச் சுவடிகளைத் தேடி இங்கிலாந்து போய், ஆக்ஸ்ஃபோர்டில் தங்கி, கிழக்கிந்தியக் கம்பெனி காசில் 1849 முதல் 1874 வரை ரிக் வேதத்தை ஆறு தொகுதிகளாக அச்சில் கொண்டு வந்தார். முல்லர் என்ற பேர் ரொம்பவும் சாதாரணம், தனியாகத் தெரியாது என்று நினைத்து, மாக்ஸையும் குடும்பப் பெயரோடு சேர்த்து மாக்ஸ் முல்லர் என்றே ஆக்கிக்கொண்டார். பிள்ளைகளுக்கும் அதுவே குடும்பப் பெயர். 1860ல் ஆக்ஸ்ஃபோர்டின் சமஸ்கிருதப் பேராசிரியர் பதவிக்கு நடந்த தேர்தலில் மோனியர் வில்லியம்ஸிடம் தோற்றார், வெளிநாட்டுக்காரர் என்பதும் அதற்கு ஒரு காரணம். இந்தியாவுக்கு அவர் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆனால் மற்ற நாடுகளில் கோதே பெயரில் இருக்கும் ஜெர்மன் நிலையம் நம்ம நாட்டில் மட்டும் மாக்ஸ் முல்லர் பவன். நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறவர்கள் எல்லாரும், தன் பேர் கூட்டத்தில் கரைந்துவிடும் என்று பயந்த ஒருத்தர் கட்டின பேருக்குக் கீழேதான் "இஷ் பின், டூ பிஸ்ட்" படிக்கிறார்கள்.

அந்தப் பயம் சட்டத்திலும் இருக்கிறது. இங்கே பெயர் மாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை, வலுவான காரணம் காட்டணும். "பெயர் ரொம்பப் பரவலானது, ஆள் மாறிப் போகிறது" என்பதை 1980ல் வந்த நிர்வாக விதிகள் ஏற்கத்தக்க காரணமாகச் சொல்கின்றன. அதற்கு அடிப்படையான பெயர் மாற்றச் சட்டம் எப்போது வந்தது தெரியுமா? 1938 ஜனவரி, நாஜி ஆட்சியில். அதன் கீழ் அந்த ஆகஸ்டில் வந்த ஆணைதான், யூதர்கள் தங்கள் பெயரோடு ஆண் என்றால் இஸ்ரேல், பெண் என்றால் சாரா என்று கட்டாயம் சேர்க்க வைத்தது. குடும்பப் பெயரைப் பார்த்தால் யார் யூதர் என்று தெரியவில்லை என்பதுதான் அவர்கள் பிரச்சினை. அண்டை வீட்டுக்காரர்களைப் போன்ற பெயரோடு தலைமுறைகளாக வாழ்ந்தவர்களைப் பிரித்துக் காட்ட ஒரு முத்திரை தேவைப்பட்டது. போருக்குப் பிறகு அந்த ஆணை போனது, சட்டத்தின் மிச்சம் தங்கியது.

இப்போதைய நிலவரம் வேற மாதிரி. கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் லியோ காஸ், கிறிஸ்டியான் மாங்கர் என்ற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2010ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கான இன்டர்ன்ஷிப் விளம்பரங்கள் 500க்கு மேல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே தரத்தில் ரெண்டு விண்ணப்பம் அனுப்பினார்கள். ஒன்றில் ஜெர்மன் பெயர், இன்னொன்றில் துருக்கியப் பெயர். ரெண்டு பேருமே ஜெர்மன் குடிமகன், தாய்மொழி ஜெர்மன் என்றுதான் எழுதியிருந்தது. ஜெர்மன் பெயருக்குக் கூப்பிடும் வாய்ப்பு 14 சதவீதம் அதிகம், சின்னக் கம்பெனிகளில் 24 சதவீதம். அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, இங்கே விண்ணப்பம் போடும் நம்ம மாணவர்கள் கவனிக்கணும். முன்னாடி வேலை பார்த்த இடத்திலிருந்து ஆளைப் பற்றி நல்லபடியாக எழுதின பரிந்துரைக் கடிதம் இணைத்த விண்ணப்பங்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், இந்த வித்தியாசம் காணாமல் போனது. அதனால் வேலையை விட்டு வரும்போது அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்க மறந்துடாதீங்க.

மையர் பற்றியும் இதே பதிவில் எழுதலாம் என்று பார்த்தேன். அந்த ஒரு பேருக்கு எழுத்துக்கூட்டல் மட்டுமே நாலைந்து, அதுவும் லத்தீன் கடன்தான், கதை முல்லரைவிட நீளம். இன்னொரு நாள்.